பாயிண்ட் இல்லாத கார்டு

மார்ச் 4

அடி வாலு,

எப்படி இருக்கே? இடுப்பு வலி குறைஞ்சுதா? குழந்தைக்குப் பல்லு ஆடுதுன்னு சொன்னியே, விழுந்துடுச்சா? நான் இருக்கேன். கையில மறுபடியும் சோப்புப் புண்ணு. மருந்து தடவினா எரியுது, தடவாட்டி அரிக்குது.

போன்ல பேசினா நீயும் அழறே, நானும் அழறேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வச்சிடறோம். அதான் எழுதறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அஞ்சாங் கிளாஸோட நின்னவளுக்கு இவ்வளவு தான் வரும்.

லாண்டரியில என்னை இப்ப பிரிக்கிற மேசைக்கு மாத்திட்டாங்க. வண்டியில வர்ற மூட்டையை அவிழ்த்து ஆஸ்பத்திரி விரிப்பு ஒரு பக்கம், ஓட்டல் விரிப்பு ஒரு பக்கம் போடணும். ஆஸ்பத்திரித் துணியில ரத்தம் இருக்கும், சீழ் இருக்கும். அதைப் பொறுத்துக்குவேன், நோயில கிடக்கிறவங்க என்ன பண்ணுவாங்க. ஓட்டல் துணி தான் குடலைப் புரட்டுது. செருப்புக் காலோட படுக்கறது, எச்சில் கையைத் துடைக்கறது, தலையணை உறையில ஷூவுக்குப் பாலிஷ் போடறது. காசு குடுத்தாச்சுன்னா எதை வேணா எதுல வேணா துடைக்கலாம்னு நினைப்பு. வீட்டுக்கு வந்து எத்தனை தண்ணி ஊத்திக் குளிச்சாலும் மூக்கை விட்டுப் போக மாட்டேங்குது.

இந்த வீட்டுல எனக்குக் குமட்டாத ஒரே இடம், என் வீட்டுக்காரர் போன பிறகு நீ அனுப்பினியே வெள்ளை விரிப்பு, அது தான். எத்தனையோ துணி தொட்ட கை இது, இப்படி ஒரு நூலைத் தொட்டதில்லை. அதுல முகத்தைப் புதைச்சாத் தான் கண்ணு மூடுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இனிமே சம்பளம் பேங்க்ல தானாம். சாப்பாட்டு ரூமுக்கு பேங்க்ல இருந்து ஒரு பொண்ணு வந்து உட்காருது. அது போட்டிருக்கிற சென்ட்டுல வாயில வச்ச சோறு இறங்க மாட்டேங்குது. "கிரெடிட் கார்டு எடுங்கக்கா, செலவு பண்ணப் பண்ணப் பாயிண்ட், பாயிண்ட் சேரச் சேரப் பரிசு"ன்னு பாட்டு மாதிரி சொல்லுது. அஞ்சாறு தினுசை மேசையில பரப்பி வேற வைக்குது. போதும்மான்னு எழுந்துட்டேன். அப்ப சொல்லுச்சு, ஒரு கார்டுல பாயிண்ட்டுக்கு ரயில் டிக்கெட்டே குடுப்பாங்களாம். வாலு, எழுந்தவ மறுபடியும் உட்கார்ந்துட்டேன். உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் அத்துப்படியாச்சே. எனக்கு எது சரிப்படும்னு கேட்டு எழுது. அவர் சொன்னா சரியா இருக்கும். என் வீட்டுக்காரர் விழுந்தப்போ ஓடி வந்து தோள் குடுத்த மனுஷன். உங்களை விட்டா எனக்கு யாரு?

உன் அக்கா


மார்ச் 19

அக்கா,

உன் எழுத்தைப் பார்த்ததும் கையைப் பிடிச்ச மாதிரி இருந்தது. இங்க எல்லாரும் சுகம். பல்லு விழுந்துடுச்சு. அதை உன் மக முழுங்கிட்டா, ரெண்டு நாளா வயித்தைத் தட்டிக்கிட்டே திரியறா. கைக்கு ரப்பர் உறை போட்டுக்கோன்னு எத்தனை தடவை சொல்றது?

உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். இவர் முகத்தைப் பார்க்கணுமே, எங்க கல்யாணத்தன்னைக்குக் கூட அவ்வளவு பிரகாசம் இல்லை. "அண்ணிக்காவது புத்தி வந்துச்சே"ன்னாரு. உனக்குத் தெரியாது, இவர் பர்ஸுல எட்டு கார்டு இருக்கு. பெட்ரோலுக்கு ஒண்ணு, மளிகைக்கு ஒண்ணு, ஓட்டலுக்கு ஒண்ணு, மருந்துக்கு ஒண்ணு. பில் போடற பையன் கையை நீட்டிக்கிட்டு நிப்பான், இவர் எதை உருவலாம்னு யோசிப்பார், பின்னாடி வரிசையில நிக்கிறவங்க உச்சுக் கொட்டுவாங்க. எனக்கு மானம் போகும். வாசல்லயே கடை இருக்கும், அங்க வாங்க விட மாட்டார். பாயிண்ட் குடுக்கிற கடையா தேடி, ஒரு சோப்புக்கு ரெண்டு பஸ் மாறிப் போன ஆளு இவர்!

நீ எதுக்கெல்லாம் செலவு பண்றே, எப்படிக் குடுக்கறேன்னு எழுதணுமாம். அதைப் பார்த்து அவரே கைப்பட எழுதறேங்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கச்சி


ஏப்ரல் 2

வாலு,

இந்தக் காகிதம் சேரும்போது குழந்தை வயிறு சரியாகியிருக்கும். உனக்கும் நல்ல தூக்கம் வரட்டும். கையுறை போட்டா மேஸ்திரி திட்டறான், வேகம் குறையுதாம். அவன் கையை அந்தத் தொட்டியில ஒரு நாள் முக்கணும்.

மாப்பிள்ளை கேட்டதுக்குப் பதில். வாடகை, கையில. பாலு, கையில. பஸ்ஸு, கையில. வாரத்துக்கு ஒரு தடவை காய், கொஞ்சம் அரிசி. சோப்பு வாங்கறதில்லை, அந்தச் சனியன் லாண்டரியிலயே கிடைக்குது. பெட்ரோலுக்குச் செலவில்லை, உங்க அத்தான் ஓட்டின வேன் தான் போயிடுச்சே. ஓட்டலுக்குப் போறதில்லை, ஓட்டல்காரன் அழுக்கு தான் என்கிட்ட வருது.

கடன் சொல்லி வாங்கற பழக்கம் கிடையாதுன்னு எழுதச் சொல்லு. வாங்கினா அடைக்கிற வரைக்கும் தொண்டையில முள்ளு மாதிரி குத்தும். உங்க அத்தானும் அப்படித் தான். ஆஸ்பத்திரிப் பணத்தை மாப்பிள்ளை தானே கட்டினார், நான் வேனை வித்துத் திருப்பிக் குடுத்தேன். "அவசரம் ஒண்ணும் இல்லை"ன்னு அவர் வாயால சொன்னாரு, இருந்தாலும் மாசம் முடியறதுக்குள்ள குடுத்துட்டேன். நல்ல மனுஷன் காசு நம்மகிட்டத் தங்கக் கூடாது.

பேங்க் பொண்ணு இன்னைக்கும் வந்துச்சு. "என்னக்கா, உங்க மாப்பிள்ளை எழுதிட்டாரா?"ன்னு கேட்டுச் சிரிச்சுது. பல்லெல்லாம் உதட்டுச் சாயம். துடைச்சு விடணும்னு கை பரபரத்துச்சு.

அக்கா


ஏப்ரல் 21

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தங்கள் உடல்நலம் குறித்து இவள் தினமும் கவலைப்படுகிறாள். நான் நலமே. கொஞ்சம் சர்க்கரை, அதற்கு நடக்கிறேன்.

கார்டு எடுப்பது சட்டை எடுப்பது போல. அடுத்தவர் அளவு நமக்குச் சேராது. முதலில் பார்க்க வேண்டியது, மாதா மாதம் முழுத் தொகையும் கட்டுகிறவரா, இழுத்துக்கொண்டு போகிறவரா என்பது. இழுக்கிறவர் பாயிண்ட் கார்டு பக்கமே போகக் கூடாது. கிடைக்கிற பாயிண்ட்டை வட்டி தின்றுவிடும். நீங்கள் தவறாமல் கட்டுகிறவர், அதை நானே கண்டிருக்கிறேன். ஆகவே உங்களுக்குப் பாயிண்ட் கார்டு தைரியமாக எடுக்கலாம். அடுத்தது, வருடக் கட்டணம். உங்கள் செலவுக்குக் கட்டணம் உள்ள கார்டு கட்டுப்படியாகாது. மூன்றாவது, எதற்கு அதிகம் செலவழிக்கிறோமோ அதற்கு அதிகப் பாயிண்ட் தரும் கார்டு. உங்களுக்கு மளிகைக் கார்டு. ரயில் கார்டில் மயங்காதீர்கள், அதில் டிக்கெட் சேர உங்களுக்கு ஒரு யுகம் ஆகும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாது. செலவுக்கு ஏற்ற கார்டு இல்லையென்றால், கார்டுக்கு ஏற்ற இடத்துக்குச் செலவை நகர்த்த வேண்டும். சகலை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் தப்பாக நினைக்கிறவர் இல்லை. அவரை முதலில் சேர்த்த பக்கத்து ஆஸ்பத்திரியில் கார்டு மெஷினே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி என் கார்டு கம்பெனியோடு கூட்டு. அங்கே கட்டினால் ஐந்து மடங்கு பாயிண்ட். எப்படியும் ஆகப்போகிற செலவு தானே? நீங்களும் உடனுக்குடன் ரொக்கமாகத் தந்துவிட்டீர்கள், எனக்கு வட்டியும் விழவில்லை. சகலை அங்கே இருந்த ஒன்றரை மாதத்தில் நான் தங்கக் கார்டுக்கு உயர்ந்துவிட்டேன். போன வருடம் கடற்கரை ஓட்டலில் நாங்கள் மூன்று நாள் தங்கியது அதில் தான். மீதிப் பாயிண்ட் காலாவதி ஆவதற்குள் உங்களுக்கு அந்தப் படுக்கை விரிப்பு எடுத்து அனுப்பினோம். ஒரு பாயிண்ட் வீணாகவில்லை.

மேலும் சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை


மே 3

வாலு,

நீயும் குழந்தையும் சௌக்கியம்னு நம்பறேன்.

உன் வீட்டுக்காரர் எழுதினது வந்துச்சு. எனக்குச் சரியாப் படிக்கத் தெரியலையோன்னு லாண்டரிக் கணக்குப்பிள்ளைகிட்டக் குடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் பாதியில நிறுத்திட்டுக் காகிதத்தை மடிச்சு என் கையில குடுத்துட்டார். மூஞ்சியைப் பார்க்கலை.

நான் படுத்துக்கிட்டு இருக்கிறது உங்க மீதிப் பாயிண்ட்டுல வந்ததா?

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். உங்க அத்தானை இடம் மாத்தினது எதுக்கு?

அக்கா


மே 30

அக்கா,

எழுத நேரமே கிடைக்கலை, கோவிச்சுக்காதே. இங்க ஒரே புழுக்கம். தண்ணிக் குழாய் உடைஞ்சு மாடி முழுக்க ஈரம், குழந்தைக்கு அடுத்த பல்லும் ஆட ஆரம்பிச்சிடுச்சு. உன் கை புண்ணு ஆறுச்சா? கால் வீக்கம் இருந்துச்சே, அது?

இவர் எழுதினதை எனக்குக் காட்டாமலே தபால்ல போட்டுட்டார். எதை எங்க சொல்லணும்னு ஒரு மண்ணும் தெரியாது. ஆபீஸ்லயும் அப்படித் தான், யாருக்காவது பாடம் எடுக்க ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. மனசுல ஒண்ணும் கிடையாது அக்கா. விரிப்பு நான் ஆசையாத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பரிசுப் பட்டியல்ல மிக்ஸியும் இருந்துச்சு, டோஸ்டரும் இருந்துச்சு. நான் தான் அக்கா துணி அருமை தெரிஞ்சவன்னு அதை எடுக்கச் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரி பெரிய ஆஸ்பத்திரி தானே. ஊர் உலகமே அங்க தான் போகுது.

மழை வந்தாத் தேவலாம். உடம்பைப் பார்த்துக்கோ.

தங்கச்சி


ஜூன் 14

வாலு,

உன் வீட்டுக் குழாயைச் சரி பண்ணிட்டாங்களா? ஈரத்துல குழந்தையைப் படுக்க விடாதே. என் கால் வீக்கம் அப்படியே இருக்கு. நின்னு செய்யற வேலை.

ஊர் உலகம் எங்கே போகுதுன்னு நான் கேட்கலை. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் ரயில்ல வந்துக்கிட்டு இருந்தீங்க. பக்கத்து ஆஸ்பத்திரியில நடந்ததை நான் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்லை. இப்ப உனக்குச் சொல்றேன்.

அது சின்ன இடம் தான். சுவத்துல சுண்ணாம்பு உரிஞ்சிருக்கும். ஆனா விரிப்பு சுத்தமா இருந்துச்சு, அதை முதல்ல பார்த்தேன். அந்த நரைச்ச தலை டாக்டர் என்னை உட்கார வச்சுச் சொன்னார். "தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. இப்ப நின்னிருக்கு. ரெண்டு நாளைக்கு ஆட்டாம அசைக்காம வச்சிருக்கணும், அப்புறம் எங்க வேணா கொண்டு போங்க." உங்க அத்தான் பேசிக்கிட்டு தான் இருந்தார். நாக்கு கொஞ்சம் குழறும், அவ்வளவு தான். "வேனை வெயில்லயா விட்டுட்டு வந்தே? நிழல்ல தள்ளி நிறுத்தச் சொல்லு, சீட்டு வெடிச்சிடும்"னார். எனக்கு வேன் ஓட்டத் தெரியாதுன்னு கூட மறந்துட்டார் பாரு. நான் சிரிச்சேன்.

காலையில நீங்க வந்தீங்க. வந்து நின்ன வேகத்துல உன் வீட்டுக்காரர், "இது ஆஸ்பத்திரியா, மாட்டுக் கொட்டாயா? ஆம்புலன்ஸ் வெளியில நிக்குது, கிளப்புங்க"ன்னார். டாக்டர் வேண்டாம்னு தலையை ஆட்டினார். "அண்ணி, காசைப் பத்தி நினைக்காதீங்க, நான் இருக்கேன்"னு உன் வீட்டுக்காரர் என்கிட்டச் சொன்னார். நான் அவரைக் கும்பிட்டேன் வாலு. ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். குண்டும் குழியுமா அந்த ரோட்டுல போகும்போதே உங்க அத்தானுக்கு வாய் கோணிடுச்சு. அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் கிடந்தார். ஒரு வார்த்தை பேசலை.

இதுல ஆட்டினதால தான் போனார்னு நான் சொல்லலை. இருந்திருந்தாலும் போயிருக்கலாம், எனக்கு என்ன தெரியும். அவர் மேல இருந்த அக்கறையில ஆட்டியிருந்தா என் தலையெழுத்துன்னு விட்டுடுவேன். ஒரு சோப்புக்கு ரெண்டு பஸ் மாறிப் போற ஆளுன்னு நீ தான் எழுதினே. அது நினைவுக்கு வரும்போதெல்லாம் கும்பிட்ட கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறேன். புண்ணு பெருசானது தான் மிச்சம்.

விரிப்பை மடிச்சுப் பரண் மேல போட்டுட்டேன். தரையில படுக்கறேன்.

நான் கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

எத்தனை தடவை எழுத உட்கார்ந்து கிழிச்சுப் போட்டேன் தெரியுமா? நீ எப்படி இருக்கேன்னு கேட்கக் கூட பயமா இருக்கு. தரையில படுக்காதே, கால் இன்னும் வீங்கும்.

நீ எழுதினதை இவர்கிட்டக் காட்டலை. காட்டினா ஒடைஞ்சு போயிடுவார். நீ அவரை ராட்சசன்னு நினைக்கிறே. கணக்குப் பார்க்கிற ஆளு தான், இல்லேங்கலை. கூட வாழறவளுக்குத் தெரியாதா? சில நாள் எனக்கே அந்தப் பர்ஸைப் பிடுங்கி அடுப்புல போடலாமான்னு வரும். ஆனா அன்னைக்கு அவர் துடிச்ச துடிப்பு உனக்குத் தெரியாது. நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். ரயில் கிளம்பின உடனே போனை எடுத்துட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போட்டு, விசாரிச்சு, இடம் சொல்லி, ஆம்புலன்ஸை வரச் சொல்லி, எல்லாத்தையும் முடிச்சுட்டுத் தான் கீழ வச்சார். ஊருக்கு வந்து இறங்கறதுக்கு முன்னாடியே எல்லாம் தயார். தண்ணி கூடக் குடிக்கலை அக்கா. அக்கறை இல்லாதவன் அப்படிச் செய்வானா?

நடந்தது நடந்துடுச்சு. நமக்கு அம்மா அப்பா இல்லை, நீ தான் எனக்கு. இங்க வந்து எங்களோட இரு. அந்த நாத்தம் பிடிச்ச வேலையை விடு. குழந்தை பெரியம்மா எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. டிக்கெட் இதோட வச்சிருக்கேன். இது பாயிண்ட்டுல எடுத்தது இல்லை. என் கைக்காசு. சத்தியமா.

உன் வாலு


ஆகஸ்ட் 26

அடி வாலு,

நீ நல்லா இருக்கணும். குழந்தை நல்லா இருக்கணும். உன் வீட்டுக்காரரும் நடக்கட்டும், சர்க்கரை குறையட்டும். நான் யாரையும் சபிக்கலை.

பேங்க் பொண்ணு நேத்து வந்துச்சு. "எந்தக் கார்டுக்கா முடிவு பண்ணினீங்க?"ன்னுச்சு. பாயிண்ட் இல்லாத கார்டு இருக்கான்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சுது. "இத்தனை நாள்ல ஒருத்தர் கூட இப்படிக் கேட்டதில்லைக்கா, சும்மா வர்றதை ஏன் வேண்டாங்கிறீங்க?"ன்னுச்சு. சும்மா எங்கேம்மா வருது, யாரோ ஒருத்தர் படுத்தாத் தானே வருதுன்னேன். அதுக்குப் புரியலை. பக்கத்துல கணக்குப்பிள்ளை சாப்பிட்டுக்கிட்டு இருந்தார், டப்பாவை மூடிட்டு எழுந்து போயிட்டார். சம்பளம் எடுக்கிற சாதாரணக் கார்டு மட்டும் குடுக்கச் சொல்லி வாங்கிக்கிட்டேன். வாடகையும் பாலும் எப்பவும் போலக் கையில தான்.

பார்சல்ல விரிப்பு இருக்கு. லாண்டரியில வெந்நீர்ல போட்டு அலசி, நானே இஸ்திரி பண்ணி, மடிப்புக் கலையாம அனுப்பியிருக்கேன். தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு கறை இல்லை. அப்பவும் அதைத் தொட்டாக் கையை எதுலயாவது துடைக்கணும் போல இருக்கு. உன் வீட்டுல விரிச்சுக்கோ. வேண்டாம்னா தூக்கிப் போடு. டிக்கெட் மடிப்புக்குள்ள இருக்கு, பத்திரமா எடுத்துக்கோ, தேதி முடியறதுக்குள்ள காசு திரும்பக் கிடைக்குமாம். நீ சத்தியம் பண்ணினதை நம்பறேன். உன் கைக்காசு தான். ஆனா ஒரு டிக்கெட்டுக்கு என் தங்கச்சி எனக்குச் சத்தியம் பண்ண வேண்டி வந்துடுச்சு பாத்தியா. அதான் என்னால வர முடியலை.

நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அவருக்காகப் பேசணும்னு தான் எழுதியிருக்கே, தெரியுது. நீ சொல்ற அந்த நேரத்துல, வாலு, உன் வீட்டுக்காரர் இன்னும் நோயாளியைப் பார்க்கலை. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. சுண்ணாம்பு உரிஞ்ச சுவரையும் பார்க்கலை, மாட்டுக் கொட்டாய்னு சொல்றதுக்கு. இங்க உங்க அத்தான் கட்டில்ல படுத்துக்கிட்டு, வேனை நிழல்ல நிறுத்தச் சொல்லி என்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தார்.

போனைப் போட்டு விசாரிச்சார்னு எழுதியிருக்கே. என்ன விசாரிச்சார்னு எழுதலை. நீ பொய் சொல்ற பொண்ணு இல்லை, சின்ன வயசுல அடி வாங்கினாலும் சொல்ல மாட்டே. அதனால தான் நீ அந்த இடத்தைத் தாண்டிப் போயிட்டியோன்னு நினைக்கிறேன்.

உன் காதோரமாத் தானே அந்தப் போன் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க போனை எடுத்ததும் அவர் முதல்ல கேட்டது எது வாலு, தலையில ரத்தம் கசியற ஆளை இப்ப அசைக்கலாமான்னா, இல்லை, என் கார்டு உங்ககிட்டச் செல்லுமான்னா?